மீன் தொட்டியின் தாங்கி எவ்வளவு உயரம் இருக்கலாம்?

வீட்டின் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதனுள் பச்சை நீர்ச்செடிகள். அவற்றினூடே நீந்தும் பொன்மீன்களும் கப்பி மீன்களும். எவ்வளவு நேரம் பார்த்தாலும் சலிக்காத காட்சி இது. மேலை நாடுகளில் 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இப்பழக்கம் பரவத் தொடங்கியது. இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் 1853-இல் பொதுமக்களுக்கான மீன் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கை ஆய்வாளர் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட, வீடுகளில் மீன் வளர்க்கும் ஆர்வம் இங்கிலாந்து முழுவதும் பரவியது. சென்னைக் கடற்கரையில் 1909-இல் மீன் காட்சியகம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்று சென்னையின் கொளத்தூர்ப் பகுதியில் அலங்கார மீன்களை வளர்ப்போரும் விற்போரும் நிறைந்திருக்கின்றனர்.

தொட்டியைக் கடையில் வாங்குகிறோம். ஆனால் அதை வைக்கும் தாங்கியைப் பெரும்பாலும் நாமே செய்கிறோம். அல்லது தச்சரிடமோ வெல்டிங் பட்டறையிலோ சொல்லிச் செய்விக்கிறோம். அப்போது அவர் கேட்கும் முதல் கேள்வி, "உயரம் எவ்வளவு வைக்கட்டும்?" என்பதுதான். நாமும் கையை இடுப்பருகே காட்டி, "இந்த அளவு இருக்கட்டும்" என்று சொல்லிவிடுகிறோம். இது அழகை மட்டும் பொறுத்த செய்தி என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் ஒரு முழு ஆளின் எடையுள்ள பொருளை நான்கு கால்களின் மேல் ஏற்றி, குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் நிறுத்தப் போகிறோம். அது கவிழ்ந்தால் இழப்பு மீன்களோடு நின்றுவிடாது. ஆகவே இந்த உயரத்தை இயற்பியலின் துணைகொண்டு கணக்கிட்டுத் தேர்ந்தெடுப்பது நல்லது. அதற்குப் பள்ளியில் படித்த பாடங்களே போதும்.

எடை எவ்வளவு?

வீடுகளில் பரவலாகக் காணப்படும் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் 60 செ.மீ., அகலம் 30 செ.மீ., உயரம் 36 செ.மீ. அதாவது ஏறத்தாழ இரண்டடிக்கு ஓரடி. இதில் 30 செ.மீ. உயரத்துக்கு நீர் நிரப்புகிறோம் என்க.

60 × 30 × 30 = 54,000 கன செ.மீ. எனவே நீரின் கன அளவு 54 லிட்டர். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம் என்பது நாம் அறிந்ததே. ஆக, நீர் மட்டும் 54 கிலோ.

தொட்டியின் அடியில் 5 செ.மீ. உயரத்துக்குக் கூழாங்கற்களைப் பரப்புவது வழக்கம். இதன் எடை ஏறத்தாழ 14 கிலோ ஆகும். ஆனால் இதை அப்படியே 54-உடன் கூட்டிவிடக் கூடாது. கற்கள் இருக்கும் இடத்தில் நீர் இருக்க முடியாது அல்லவா? 14 கிலோ கற்கள் தம் கன அளவுக்குச் சமமான 5 லிட்டருக்குச் சற்று மிகுதியான நீரை இடம்பெயரச் செய்கின்றன. ஆகவே நீர்மட்டம் அதே 30 செ.மீ.-இல் இருக்கும்போது கற்களால் கூடும் எடை 9 கிலோ மட்டுமே. நீரும் கல்லும் சேர்ந்து 63 கிலோ.

அடுத்தது கண்ணாடி. 5 மி.மீ. தடிப்புள்ள கண்ணாடியில் அடித்தகட்டையும் நான்கு பக்கங்களையும் சேர்த்தால் பரப்பு 8,280 சதுர செ.மீ. வருகிறது. கண்ணாடியின் அடர்த்தி நீரினதைப்போல் 2.5 மடங்கு. எனவே அதன் எடை 10 கிலோவைச் சற்றுத் தாண்டும். மூடி, விளக்கு ஆகியவற்றையும் சேர்த்தால் மொத்தம் 75 கிலோ என்று கொள்ளலாம்.

தொட்டி பெரிதாகும்போது எடை எவ்வாறு பெருகுகிறது என்பதையும் கவனியுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் நீரின் கன அளவு இரட்டிப்பாவதில்லை, எட்டு மடங்காகிறது. நான்கடித் தொட்டி ஒன்றில் 400 லிட்டருக்கு மேல் நீர் இருக்கக்கூடும். ஆகவே கீழே வரும் எண்கள் இரண்டடித் தொட்டிக்கு மட்டுமே உரியவை. முறை எல்லாத் தொட்டிகளுக்கும் பொதுவானது.

உயரத்தால் அழுத்தம் கூடுமா?

"தொட்டியை உயரத்தில் வைத்தால் நீரின் அழுத்தம் கூடி, கண்ணாடி வெடித்துவிடும்" என்று சிலர் அஞ்சுகின்றனர். மாடியின் மேலுள்ள நீர்த்தொட்டியிலிருந்து வரும் குழாயில் நீர் வேகமாகப் பாய்வதைக் கண்டு எழுந்த எண்ணம் இது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மாடித் தொட்டியிலிருந்து தரை வரை குழாயில் தொடர்ச்சியாக நீர் நிற்கிறது. அந்த நீர்த்தம்பத்தின் உயரமே அங்கே அழுத்தத்தைத் தருகிறது. மீன் தொட்டியிலோ நீர் தொட்டியின் அடித்தகட்டோடு முடிந்துவிடுகிறது. ஒரு புள்ளியில் உள்ள நீரின் அழுத்தம், அப்புள்ளிக்கு மேலே நீர் எவ்வளவு ஆழம் நிற்கிறது என்பதையே பொறுத்தது. நீருக்கும் தரைக்கும் இடையே உள்ள உயரம் இக்கணக்கில் வருவதே இல்லை.

நம் தொட்டியின் அடியில் அழுத்தம் ஒரு சதுர செ.மீ.-க்கு 30 கிராம் எடை. நீர்ப்பரப்பில் இது சுழி. எனவே முன்பக்கக் கண்ணாடியின் மீது சராசரி அழுத்தம் 15 கிராம் எடை. நீர் படும் பரப்பு 60 × 30 = 1,800 சதுர செ.மீ. ஆகவே அக்கண்ணாடியை வெளிநோக்கித் தள்ளும் விசை 27 கிலோகிராம் எடை. தொட்டியைத் தரையில் வைத்தாலும் பரண்மீது வைத்தாலும் இதில் மாற்றமில்லை. கண்ணாடி வெடிப்பதற்குப் பெரும்பாலும் காரணமாவது வேறொன்று: தாங்கியின் மேற்பலகை சமமாக இல்லாமை. பலகையில் ஒரு சிறு மேடோ, தலை தூக்கிய ஆணியோ இருந்தால் பரவலாக விழ வேண்டிய எடை ஓரிடத்தில் குவிகிறது. அதனால்தான் தொட்டிக்கும் பலகைக்கும் இடையே தெர்மோகோல் தகடு ஒன்றை விரிக்கிறார்கள். அது மேடான இடத்தில் நசுங்கிக் கொடுத்து எடையைப் பரப்பிவிடுகிறது.

கண்ணின் உயரம்

இனி, உயரத்தை உண்மையில் தீர்மானிப்பவை எவை என்று காண்போம். முதலாவது, பார்க்கும் கண்.

மீன் தொட்டியை எந்நிலையில் இருந்து பார்க்கப் போகிறோம்? நம் நாட்டு வீடுகளில் இதற்கு மூன்று விடைகள் உண்டு. தரையில் சம்மணமிட்டு அமர்ந்தால், நடுத்தர உயரமுள்ள ஒருவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 72 செ.மீ. உயரத்தில் இருக்கும். நாற்காலியில் அமர்ந்தால் 115 செ.மீ. நின்றால் 150 செ.மீ. உங்கள் வீட்டாரை அமரச் செய்து அளவுநாடாவால் அளந்து பார்த்தால் இவை சிறிதே மாறக்கூடும்.

நாம் எதையேனும் நெடுநேரம் பார்க்கும்போது பார்வை கிடைமட்டத்துக்குச் சற்றுக் கீழ்நோக்கி இருப்பதே கழுத்துக்கு இதமானது. 10 டிகிரி அளவு என்று வைத்துக்கொள்ளலாம். தொட்டியிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி அமர்ந்து பார்ப்பதாகக் கொண்டு கணக்கிடுவோம். நீரின் நடுப்பகுதி, தாங்கியின் மேற்பலகையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் உள்ளது.

தாங்கியின் உயரம் 45 செ.மீ. ஆனால், நீரின் நடுப்பகுதி தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் அமையும். தரையில் அமர்ந்தவரின் பார்வை ஏறத்தாழ 5 டிகிரி சரிகிறது. அவருக்கு இது பொருத்தமே. தாங்கி 75 செ.மீ. ஆனால், நடுப்பகுதி 90 செ.மீ. நாற்காலியில் அமர்ந்தவருக்குப் பார்வை ஒன்பதரை டிகிரி சரியும். 105 செ.மீ. தாங்கியானால், நடுப்பகுதி 120 செ.மீ.; நிற்பவருக்குப் பார்வை 11 டிகிரி சரியும்.

ஆக, தரையில் அமர்வோருக்கு ஒன்றரையடி, நாற்காலியில் அமர்வோருக்கு இரண்டரையடி, நின்று பார்ப்போருக்கு மூன்றரையடி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆறு வயதுச் சிறுவன் நின்றால் அவன் கண் ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கும். ஆகவே 75 செ.மீ. தாங்கி, நாற்காலியில் அமர்ந்த தாத்தாவுக்கும் அருகில் நிற்கும் பேரனுக்கும் ஒருசேரப் பயன்படுகிறது.

மேற்பரப்பு கண்ணாடியாகும் விந்தை

உயரம் பொருந்தாவிட்டால் கழுத்து வலி மட்டுமா? காட்சியே மாறிவிடுகிறது. இதற்குக் காரணம் ஒளிவிலகல்.

கண் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், முன்பக்கக் கண்ணாடி வழியாக நீர்ப்பரப்பின் அடிப்பக்கத்தை நோக்குகிறோம். அப்போது அது வெள்ளி பூசிய தகடுபோல் ஒளிர்வதைக் காணலாம். மேலேயுள்ள விளக்கு தெரிவதில்லை. மாறாக நீந்தும் மீன்களின் தலைகீழ் உருவங்கள் அதில் தோன்றும். இதுவே முழு அக எதிரொளிப்பு. நீரிலிருந்து காற்றுக்குச் செல்லும் ஒளிக்கு மாறுநிலைக் கோணம் 48.6 டிகிரி. பரப்பின் செங்குத்துக் கோட்டோடு இதைவிடப் பெரிய கோணத்தில் வரும் ஒளி வெளியேற முடியாமல் நீருக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. முன்பக்கக் கண்ணாடியின் வழியே நம் கண்ணை வந்தடையும் கதிர்கள் நீர்ப்பரப்போடு சாய்வாகவே அமைந்தவை. ஆதலால், ஏறத்தாழ 62 டிகிரிக்கு மேல் அண்ணாந்து பார்த்தாலன்றி அப்பரப்பினூடே வெளியே காண இயலாது.

இந்தக் காட்சி அழகானதே. ஆனால் தரையில் அமர்ந்து 75 செ.மீ. தாங்கியிலுள்ள தொட்டியைப் பார்ப்பவரின் கண், தொட்டியின் அடித்தகட்டைவிடத் தாழ்ந்து நிற்கிறது. அவருக்குக் கூழாங்கல் பரப்பு தெரிவதே இல்லை. பலகையின் விளிம்பும் மேலே ஒளிரும் தகடுமே தெரியும்.

இதற்கு நேர்மாறானது, தாழ்ந்த தாங்கியில் உள்ள தொட்டியை அருகில் நின்று பார்ப்பது. அப்போது ஒரே மீன் இரண்டாகத் தெரியும். முன்பக்கக் கண்ணாடியின் வழியே ஓர் உருவமும் நீர்ப்பரப்பின் வழியே மற்றோர் உருவமும் கண்ணை அடைகின்றன. இரு வழிகளிலும் கதிர்கள் வெவ்வேறாக விலகுவதால் உருவங்கள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. நேராகப் பார்த்தாலும் ஒரு மாற்றம் உண்டு. நீரின் ஒளிவிலகல் எண் 4/3 ஆதலால், 30 செ.மீ. அகலமுள்ள தொட்டி நம் கண்ணுக்கு இருபத்திரண்டரை செ.மீ. அகலமுடையதாகவே தோன்றும்.

கவிழுமா, கவிழாதா?

கண்ணுக்கு உகந்த உயரம் பாதுகாப்புக்கும் உகந்ததுதானா? இதுவே நாம் மிகவும் கருதிப் பார்க்க வேண்டிய இடம்.

ஒரு பொருளின் ஈர்ப்பு மையத்திலிருந்து கீழே வரையப்படும் செங்குத்துக் கோடு, அதன் அடித்தளத்துக்குள் விழும்வரை அப்பொருள் நிலைத்து நிற்கும். அடித்தளத்தைத் தாண்டினால் கவிழும். நம் தொட்டியின் ஈர்ப்பு மையம், கூழாங்கற்கள் அடியில் கிடப்பதால், பலகையிலிருந்து 13 செ.மீ. உயரத்திலேயே உள்ளது. தாங்கியின் எடை 15 கிலோ என்றும் அதன் ஈர்ப்பு மையம் பாதி உயரத்தில் உள்ளது என்றும் கொள்வோம். மொத்த எடை 90 கிலோ. கால்களுக்கிடையே முன்பின் அகலம், தொட்டியின் அகலத்துக்குச் சமமாக 30 செ.மீ. எனவே ஈர்ப்பு மையத்துக்கு நேர்கீழே உள்ள புள்ளியிலிருந்து முன் விளிம்பு 15 செ.மீ. தொலைவில் இருக்கும்.

தாங்கி 45 செ.மீ. ஆனால் மொத்தத்தின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 52 செ.மீ. உயரத்தில் அமைகிறது. 16 டிகிரி சாயும்வரை அது கவிழாது. 75 செ.மீ. தாங்கியில் ஈர்ப்பு மையம் 80 செ.மீ.; கவிழும் கோணம் 10 டிகிரிக்குச் சற்று மேல். 105 செ.மீ. தாங்கியிலோ ஈர்ப்பு மையம் 107 செ.மீ.; வெறும் 8 டிகிரி சாய்ந்தாலே கவிழ்ந்துவிடும்.

கோணத்தைவிட விசையைக் கணக்கிட்டால் இன்னும் தெளிவாகும். ஒருவர் தொட்டியின் மேல் விளிம்பைப் பிடித்துத் தம்மை நோக்கி இழுக்கிறார் என்க. தாங்கியின் பின்கால்கள் தரையைவிட்டு எழும்ப எவ்வளவு விசை வேண்டும்? முன் விளிம்பைப் பற்றி இருபுறத் திருப்புத்திறன்களையும் சமப்படுத்துவோம். எடையின் திருப்புத்திறன் 90 × 15 = 1,350. விசை செயற்படும் உயரம், தாங்கியின் உயரத்தோடு தொட்டியின் 36 செ.மீ. சேர்ந்தது. 45 செ.மீ. தாங்கிக்கு 1,350 ÷ 81, அதாவது 16.7 கிலோகிராம் எடை. 75 செ.மீ. தாங்கிக்கு 1,350 ÷ 111, அதாவது 12.2. 105 செ.மீ. தாங்கிக்கு 1,350 ÷ 141, அதாவது 9.6.

பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்கும் அளவு விசைக்கு 90 கிலோ எடையுள்ள அமைப்பு அசைந்து கொடுக்கிறது! மீனைத் தொட ஆசைப்பட்டு விளிம்பைப் பற்றித் தொங்கிச் சாயும் பத்து வயதுச் சிறுமியால் இவ்விசையைத் தர முடியும். "இவ்வளவு கனமானது எங்கே விழப்போகிறது?" என்று எண்ணுவது எவ்வளவு தவறு பாருங்கள். கனம் மட்டும் நிலைத்தன்மையைத் தருவதில்லை. அந்தக் கனம் எந்த உயரத்தில், எவ்வளவு அகன்ற அடித்தளத்தின்மேல் இருக்கிறது என்பதே முக்கியம்.

இதற்கு மூன்று மாற்றுவழிகள் உண்டு. முதலாவது, கால்களை அகட்டி வைப்பது. அடித்தளத்தின் அகலத்தை 30-லிருந்து 40 செ.மீ. ஆக்கினால், 75 செ.மீ. தாங்கியைக் கவிழ்க்க வேண்டிய விசை 12.2-லிருந்து 16.2 ஆக உயர்கிறது. இரண்டாவது, அடித்தட்டில் கனத்தை ஏற்றுவது. தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் அமைந்த தட்டில் 30 கிலோ செங்கற்களை அடுக்கி, துணியால் மறைத்துவிடுங்கள். மொத்தத்தின் ஈர்ப்பு மையம் 80-லிருந்து 62 செ.மீ.-க்கு இறங்கிவிடும். கவிழ்க்கும் விசை இங்கும் 16.2 ஆகிறது. ஏறக்குறைய ஒன்றரையடித் தாங்கியின் உறுதியை இரண்டரையடித் தாங்கிக்கு இவ்வாறு கொடுத்துவிட்டோம். மூன்றாவது, தாங்கியின் மேற்பகுதியை இரண்டு இரும்புக் கோணங்களால் சுவரோடு திருகிவிடுவது. சிறுவர்கள் உள்ள வீட்டில் முதலிரண்டையும் செய்திருந்தாலும் இதையும் செய்துவிடுவதே அறிவுடைமை.

அப்படியானால் மிகத் தாழ்வாக வைத்துவிடலாமே என்று தோன்றலாம். நடக்கத் தொடங்கிய குழந்தை வீட்டில் இருந்தால் அதுவும் உகந்ததன்று. 45 செ.மீ. தாங்கியில் தொட்டியின் விளிம்பு 81 செ.மீ. உயரத்தில் உள்ளது, குழந்தையின் கை எளிதில் எட்டும். கண்ணாடியின்மீது பொம்மையால் தட்டவும் மூடியை இழுக்கவும் அதற்கு வாய்ப்பு ஏற்படும். 75 செ.மீ. தாங்கியில் விளிம்பு 111 செ.மீ. உயரத்தில் இருப்பதால் அந்தக் கவலை குறைகிறது.

கால்கள் முறிவதில்லை, ஆடுகின்றன

உயரமான தாங்கி என்றதும், "கால் தாங்குமா?" என்று கேட்போம். ஒல்லியான நெடுங்கம்பு ஒன்றை மேலிருந்து அழுத்தினால் அது நடுவே வளைந்து விலகும். இது எவ்வளவு எடையில் நிகழும் என்பதற்கு 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்னும் கணித மேதை ஒரு சமன்பாடு கண்டார். 5 செ.மீ. சதுரமும் 75 செ.மீ. நீளமும் உள்ள நல்ல மரக்காலுக்கு அதைப் பயன்படுத்தினால் விடை டன் கணக்கில் வருகிறது. நம் தாங்கியில் ஒரு கால் சுமப்பதோ 23 கிலோவுக்கும் குறைவு. ஆகவே கால் முறியும் என்று அஞ்சத் தேவையில்லை.

அஞ்ச வேண்டியது பக்கவாட்டு ஆட்டத்தையே. ஒரே தடிமனுள்ள கால்களின் நீளத்தை இரட்டிப்பாக்கினால், அதே பக்கவிசைக்கு அவை எட்டு மடங்கு வளைகின்றன. வளைவு, நீளத்தின் முப்படிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. 45 செ.மீ. கால்கள் ஒரு மில்லிமீட்டர் அசையும் விசைக்கு 75 செ.மீ. கால்கள் நான்கரை மில்லிமீட்டருக்கு மேலும், 105 செ.மீ. கால்கள் பன்னிரண்டரை மில்லிமீட்டருக்கு மேலும் அசையும். ஒவ்வோர் அசைவும் மூட்டுகளைத் தளர்த்துகிறது. மூட்டு தளர்ந்தால் அசைவு இன்னும் கூடுகிறது.

நான்கு குச்சிகளை ஆணியால் இணைத்து ஒரு சதுரம் செய்யுங்கள். பக்கவாட்டில் தள்ளினால் அது எளிதில் சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளால் ஒரு முக்கோணம் செய்யுங்கள். எவ்வளவு தள்ளினாலும் அதன் வடிவம் மாறாது. பாலங்களிலும் மின்கம்பக் கோபுரங்களிலும் முக்கோணங்கள் நிறைந்திருப்பது இதனால்தான். தாங்கியின் பின்புறத்திலும் இரு பக்கங்களிலும் மூலைக்கு மூலை ஒரு குறுக்குச் சட்டம் அடித்துவிட்டால், அச்சதுரம் இரு முக்கோணங்களாகிவிடுகிறது. பின்புறம் முழுவதும் ஒரு பிளைவுட் பலகையை அறைந்துவிட்டாலும் இதே பயன் உண்டு. 75 செ.மீ.-க்கு மேற்பட்ட தாங்கிக்கு இது இன்றியமையாதது.

தொட்டியிலுள்ள நீரும் சும்மா இருப்பதில்லை. அதற்கும் ஓர் அலைவு நேரம் உண்டு. நம் தொட்டியில் நீர் நீளவாக்கில் ஒருமுறை அலைந்து திரும்ப ஏறத்தாழ 0.9 வினாடியும், அகலவாக்கில் ஏறத்தாழ 0.6 வினாடியும் ஆகும். தளர்ந்த தாங்கியின் ஆட்டம் இதனோடு இசைந்துவிட்டால், ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளினாற்போல் அலை பெருகிக்கொண்டே போகும். இதுவே ஒத்ததிர்வு. தாங்கி விறைப்பாக இருந்தால் இதற்கு இடமே இல்லை.

இன்னொன்று. மூன்று புள்ளிகள் ஒரு தளத்தைத் தீர்மானிக்கும் என்பது வடிவியல். நான்காவது கால் அத்தளத்தில் அமையாவிட்டால் எடை முழுவதும் ஒரு மூலைவிட்டத்தில் உள்ள இரு கால்களின்மீதே பெரும்பாலும் விழும். தாங்கி அவற்றின்மேல் ஊசலாடும். எனவே தரையில் நிறுத்தியதும் கொத்தனாரின் ரசமட்டத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைத்துப் பார்த்து, குறைந்த காலுக்கு அடியில் தகடு கொடுக்க வேண்டும்.

கையும் வாளியும்

தொட்டியை வாரந்தோறும் தூய்மை செய்ய வேண்டும். அதற்குக் கை அடிவரை எட்ட வேண்டும். நடுத்தர உயரமுள்ளவரின் தோள் தரையிலிருந்து 130 செ.மீ. உயரத்தில் உள்ளது, கையின் நீளம் 70 செ.மீ. 75 செ.மீ. தாங்கியில் தொட்டியின் பின்மூலை, தோளிலிருந்து 55 செ.மீ. கீழேயும் 30 செ.மீ. உள்ளேயும் அமைகிறது. பிதகோரசுத் தேற்றப்படி இத்தொலைவு ஏறத்தாழ 63 செ.மீ.; கை எட்டிவிடும். 105 செ.மீ. தாங்கியில் தொட்டியின் விளிம்பே தோளுக்கு மேல் வந்துவிடுகிறது. ஈரத் தரையில் முக்காலி போட்டு ஏறி நின்று தொட்டிக்குள் கைவிடுவது விரும்பத்தக்கதன்று. தொட்டிக்கு மேலேயும் வலையை விட்டு எடுக்க 40 செ.மீ. வெற்றிடம் வேண்டும் என்பதால் அலமாரித் தட்டுகளுக்கு அடியில் வைப்பதையும் தவிர்க்கவும்.

அழுக்கு நீரை ஒரு ரப்பர்க் குழாயால் வடிகுழாய் முறையில் வெளியேற்றுவது வழக்கம். இதில் நீர் பாயும் வேகம், தொட்டியின் நீர்மட்டத்துக்கும் குழாயின் வெளிமுனைக்கும் உள்ள உயர வேறுபாட்டைப் பொறுத்தது. தரையில் 30 செ.மீ. உயரமுள்ள வாளியை வைத்து, குழாயின் முனையை அதன் விளிம்பில் பிடிக்கிறோம். தொட்டி தரையிலேயே இருந்தால் இரு மட்டங்களும் சமம், நீர் பாயாது. 75 செ.மீ. தாங்கியில் வேறுபாடு 75 செ.மீ. இருப்பதால், டாரிசெல்லியின் விதிப்படி உராய்வு இல்லையென்றால் நீர் வினாடிக்கு 3.8 மீட்டர் வேகத்தில் பாய வேண்டும். குழாயின் உராய்வு இதை வெகுவாகக் குறைத்தாலும் வாளி நிறைய நெடுநேரம் ஆகாது. தாங்கியை 105 செ.மீ. ஆக்குவதால் பெரிதாக ஆதாயமில்லை. வேகம், உயரத்தின் வர்க்கமூலத்துக்கே நேர்விகிதத்தில் உள்ளதால் இலட்சிய வேகம் 4.5 மீட்டராக மட்டுமே உயரும்.

இதே வடிகுழாய்த் தத்துவம் நமக்குத் தீங்கும் செய்யக்கூடும். காற்றுப் பம்பைத் தாங்கியின் அடித்தட்டில் வைப்பது பலரது வழக்கம். மின்சாரம் நின்றதும் பம்பு காற்றைத் தள்ளுவது நிற்கிறது. தொட்டி நீர் காற்றுக்குழாயில் ஏறுகிறது. விளிம்பைத் தாண்டி இறங்கிவிட்டால் வடிகுழாய் தானே தொடங்கி, நீர் பம்புக்குள் பாயும். பிறகு மின்சாரம் வரும்போது ஆபத்து நேரலாம். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் மாட்டுவதே எளிய தீர்வு. இயலாவிடில் காற்றுக்குழாயில் ஒருவழி வால்வு ஒன்றைப் பொருத்துங்கள். மின்கம்பியையும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு, பிறகு மேலேற்றுங்கள். கம்பியில் வழியும் நீர் அவ்வளைவிலிருந்து தரையில் சொட்டிவிடும், பிளக்கை அடையாது.

ஆக, எந்த உயரம்?

மேற்கண்டவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். நாற்காலி உள்ள கூடம், சிறுவர்கள் உள்ள குடும்பம், இரண்டடித் தொட்டி என்றால் 75 செ.மீ. உயரமே கண்ணுக்கும் கைக்கும் வாளிக்கும் ஒத்துவருகிறது. ஆனால் கால்களை 40 செ.மீ. அகலத்துக்கு அகட்டுதல் அல்லது அடித்தட்டில் கனம் ஏற்றுதல், குறுக்குச் சட்டம், சுவர்ப் பிணைப்பு ஆகியவற்றோடு சேர்ந்தால்தான் அது முழுமையாகும். தரையில் அமர்ந்து பார்க்கும் வீட்டில், நடைபழகும் குழந்தை இல்லையென்றால், 45 செ.மீ. போதும். 105 செ.மீ. உயரம், மக்கள் நின்று பார்த்துச் செல்லும் பள்ளிக் கூடத்துக்கோ அலுவலக வாயிலுக்கோ உரியது. அங்கும் சுவரோடு பிணைக்காமல் வைக்கக் கூடாது. தொட்டி 30 செ.மீ.-ஐ விடக் குறுகலானதாயின் உயரத்தையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்கள் ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம். நிறைந்த தீப்பெட்டி ஒன்றை ஒரு பலகையின்மேல் வெவ்வேறு பக்கங்களில் நிறுத்துங்கள். வழுக்காமலிருக்க அதன் கீழ்விளிம்பருகே ஒரு குண்டூசியைக் குத்திவையுங்கள். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்தி, பெட்டி கவிழும் கோணத்தை அளவெடுங்கள். அகலத்தை உயரத்தால் வகுத்தால் வருவதே அக்கோணத்தின் டேஞ்சன்ட் என்பதைக் காண்பீர்கள். பிறகு ஒரு சிறு ஈயக்குண்டைப் பெட்டியின் அடிப்பகுதியில் வைத்தும், மேற்பகுதியில் வைத்தும் கோணம் எவ்வாறு மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தாங்கி செய்து முடிந்ததும் உடனே மீன்களை விட்டுவிடாதீர்கள். முதலில் கால்பங்கு நீர் நிரப்பி, ரசமட்டம் பாருங்கள். பிறகு அரை, முக்கால், முழுமை என்று படிப்படியாக நிரப்புங்கள். ஒவ்வொரு படியிலும் மூட்டுகளைக் கவனித்து, விளிம்பை விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். நீர்ப்பரப்பு அசைந்து விரைவில் அடங்கினால் நன்று. தாங்கியும் சேர்ந்து ஆடினால் நீரை வடித்துவிட்டுக் குறுக்குச் சட்டத்தை வலுப்படுத்துங்கள். ஒரு நாள் முழுவதும் நிறைதொட்டியாக நின்று, மட்டமும் மாறாமல், கசிவும் இல்லாமலிருந்தால் மறுநாள் மீன்களை விடலாம்.